தினமும் அரை மணித்தியாலம் நடுங்கள்

1

இந்தக் கிழமை எங்கள் கட்டிடத்தில் வீடு வீடாகக் கதவுக்குக் கீழால் ஒரு பச்சைத் தாளைத் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். சுகாதாரக் கந்தோர் தமிழில் அடித்து அனுப்பியது. ஒரு மனுசி கையை வீசி நடக்கிற படம், அதற்குக் கீழே ‘உடற்பருமனைக் குறைப்போம்’ என்று பெரிய எழுத்து. நான் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நேரே மூன்றாவது வரிக்குப் போனேன். ‘தினமும் அரை மணித்தியாலம் நடவுங்கள்’ என்று இருந்தது. திருத்திவிட்டார்கள்.

போன வருடத்துத் தாளில் அந்த இடத்தில் ‘வு’ விழுந்துபோய் ‘ட’ ‘டு’வாகியிருந்தது. ‘தினமும் அரை மணித்தியாலம் நடுங்கள்’ என்று அடித்திருந்தார்கள். படித்தவர்கள் என்றால் அச்சுப்பிழை என்று உடனே பிடித்திருப்பார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், அதிலும் சுன்னாகத்துப் பக்கம் வெங்காயத் தோட்டத்தில் வளர்ந்தவள். நடுகிறது என்றால் எனக்கு ஒரே ஒரு வேலைதான். வரியை இரண்டு தரம் வாசித்தும் அதில் பிழை தெரியவில்லை. சொல்லப்போனால், இந்த நாட்டு அரசாங்கத்தில் எனக்கு முதல்முதலாக ஒரு மதிப்பு வந்தது அன்றைக்குத்தான். சோற்றைக் குறை, பொரியலை விடு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் கடைசியில் நோயின் வேரைக் கண்டுபிடித்துவிட்டார்கள், ஒரு துண்டு நிலத்தைத் தந்து குனிந்து நிமிர விட்டால் உடம்பு தானாக வற்றும் என்று யாரோ விளங்கிய மனிதர் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தேன்.

அந்தப் பிழையால் எனக்கு வந்த வெட்கத்தையும், அதற்குப் பிறகு வந்த பெரிய வெட்கத்தையும் எழுதலாம் என்று இருக்கிறேன். ஊரில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்கிற உங்களுக்கு, இங்கே ஒரு மனுசி தின்று கொழுத்த கதை என்ன கதை என்று தோன்றும். தோன்றினால் தாளை மடித்து வைத்துவிடுங்கள், நான் கோபிக்க மாட்டேன்.

2

அவர் செத்த அடுத்த வருடம் மகன் என்னை ரொறன்ரோவுக்குக் கூப்பிட்டு எடுத்தான். வரும்போது என் காப்பு முழங்கை வரைக்கும் ஏறி இறங்கும். இப்போது மணிக்கட்டில் இறுகி நிற்கிறது, சவர்க்காரம் போட்டாலும் கழலாது.

குற்றம் ஒருவர் மேலும் இல்லை. பதினோராம் மாடியில் வீடு. மகனும் மருமகளும் விடிய வேலைக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவார்கள். பேத்தி சுபா பள்ளிக்கூடம் போய்விடுவாள். கிணறு இல்லை, வேலி இல்லை, ஒரு கோழி கூட இல்லை. லிப்ரில் இறங்கிக் கீழே போகலாம், ஆனால் போய் எங்கே நிற்பது? ஆரும் ஏதாவது கேட்டால் என்ன சொல்வது? எனவே சமைத்தேன். சமைத்ததைத் தின்றேன். மிஞ்சியதை எறியக்கூடாது என்று அதையும் தின்றேன். சாப்பாட்டை எறிந்தால் பாவம் என்று வளர்ந்தவர்களுக்குக் குளிர்சாதனப் பெட்டி ஒரு பெரிய சோதனை.

பிறகு கண் மங்கியது. தாகம் வந்தது. டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்து, சலரோகம், சீனி வியாதி என்றார். எனக்கு இங்கிலிசு தெரியாது, சுபாதான் மொழிபெயர்க்க வந்தாள். டொக்டர் நிறைய நேரம் தன்மையாகக் கதைத்தார். சுபா என் பக்கம் திரும்பி, “அப்பம்மா, நீங்கள் சரியான குண்டு” என்றாள்.

அப்படியே சொன்னாரா என்று கேட்டேன்.

“அவர் நீட்டாச் சொன்னவர். நான் கட்டையாச் சொல்லுறன்.”

அவளுக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் எது எவ்வளவு தின்னவேண்டும் என்று கூம்பு மாதிரி ஒரு படம் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்து, நான் கதவைத் திறக்கிற நேரமெல்லாம் எட்டிப் பார்ப்பாள். முந்தி நான் தீத்திவிட்டால்தான் சாப்பிடுகிற பிள்ளை. இப்போது என் கையால் குழைத்த சோற்றைப் பார்த்து, அதற்குள் எவ்வளவு எண்ணெய் என்று கேட்கிறாள், அதுவும் பாதி இங்கிலிசில். இரண்டு மூன்று தரம் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவள் பிறகு மாட்டேன் என்றுவிட்டாள். அவளுடைய சிநேகிதியின் தாய் அங்கே வேலை செய்கிறாளாம்.  

மருமகள் ஆஸ்பத்திரிக் கந்தோருக்கு அறிவித்து அரசாங்கச் செலவில் ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கேட்டாள். அதற்கு இரண்டு கடுதாசி நிரப்பி ஒரு மாதம் காத்திருந்து, கடைசியில் வந்தவர் மானிப்பாய்ப் பொடியன் ஒருவர். வந்ததும் வராததுமாய், “அன்ரி, நீங்கள் ஊரிலை எவடம்?” என்று கேட்டார். சொன்னேன். ஐந்து நிமிசத்துக்குள் என் பெரியப்பா வழியில் சொந்தம் என்று கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு டொக்டர் என்னிடம் என்ன கேட்டாலும் நான் இல்லை, இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்தேன், அவரைப் பிறகு கூப்பிடவும் விடவில்லை.

3

அந்த நேரத்தில்தான் முதல் தாள் வந்தது. திங்கட்கிழமைகளில் கடை திறக்க முன்னர் பக்கத்துக் கடைத்தொகுதியில், மோலில், கூடவேண்டும், எல்லாம் இலவசம் என்று இருந்தது. வெளியே முழங்கால் அளவுக்குப் பனி. பனிக்குள் எப்படி நடுவது என்று யோசித்தேன். அந்த மோலுக்குக் கண்ணாடிக் கூரை, உள்ளே தொட்டிகளில் மரங்கள் நிற்கின்றன. இங்கே கண்ணாடி வீடுகளுக்குள் பயிர் செய்கிறார்கள் என்று தொலைக்காட்சியிலும் பார்த்திருந்தேன். எனக்குச் சரியாகத்தான் பொருந்தி வந்தது.

பழைய பருத்திச் சேலை ஒன்றை எடுத்துக் கட்டினேன். குசினியில் முளைவிட்டுக் கிடந்த சின்ன வெங்காயத்தில் நல்லதாய்ப் பார்த்துப் பொறுக்கிக் கடைப்பையில் போட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பழைய கரண்டியும் எடுத்துக் கோட்டுப் பொக்கற்றில் வைத்தேன், மண் கிளற.

அங்கே போனால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஓடுகிற சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். இளம் நேர்ஸ் ஒருத்தி வந்து என் கையைப் பிடித்து வரவேற்றாள். நான் பையைத் திறந்து காட்டினேன். அவள் உள்ளே பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், பிறகு நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்லிப் பையை வாங்கிக்கொண்டாள். தனக்குக் கொண்டுவந்த அன்பளிப்பு என்று நினைத்துவிட்டாள். மற்றப் பெண்களையும் கூப்பிட்டு ஆளுக்கு இரண்டு வெங்காயம் கொடுத்தாள். அவர்கள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள். பிறகு எல்லோரும் நடக்கத் தொடங்கினார்கள், நானும் பின்னால் போனேன். தோட்டம் எங்கேயோ உள்பக்கத்தில் இருக்கும் என்று பார்த்துக்கொண்டே போனேன். பூட்டிய சப்பாத்துக் கடை, பூட்டிய நகைக்கடை, பூட்டிய சாப்பாட்டுக் கடைகள். திரும்பவும் அதே சப்பாத்துக் கடை வந்தபோதுதான் எனக்கு விளங்கியது. கோட்டுப் பொக்கற்றுக்குள் கரண்டியை அமத்திப் பிடித்துக்கொண்டே மிச்ச நேரமும் நடந்தேன்.

ஆனாலும் அடுத்த திங்களும் போனேன். நேர்ஸ் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்து மகனிடம், உன் அம்மா எப்போதும் வரவேண்டும் என்று சொல்லியிருந்தாள். வெறுங்கையோடு போக மட்டும் எனக்கு முடியவில்லை. நம்முடைய ஊரில் ஒரு பெண்பிள்ளை ரோட்டில் இறங்கினால் சந்தைக்கு, கோயிலுக்கு, செத்தவீட்டுக்கு என்று ஒரு போக்கிடம் இருக்கும். ஒரு அலுவலும் இல்லாமல் கையை வீசிக்கொண்டு ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறவளை என்னவென்று சொல்வார்கள்? எனவே கடைப்பைக்குள் நாலு உருளைக்கிழங்கைப் போட்டுத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பையை வைத்துவிட்டு நடக்கும்படி நேர்ஸ் கை காட்டினாள். நான் “ஷொப்பிங், ஷொப்பிங்” என்றேன். ஒரு கடையும் திறந்திருக்கவில்லை.

குளிர்காலம் முடியச் சீனி இறங்கியிருந்தது. டொக்டருக்குச் சந்தோசம். மகன் வந்து மொழிபெயர்த்தான்: இப்படியே நடந்தால் குளிசையோடு போகும், விட்டால் ஊசிதான், ஊசிக்குப் பிறகு கண்ணுக்கும் காலுக்கும் தன்னால் உத்தரவாதம் சொல்ல ஏலாது. என் தாயாருக்கு இதே வருத்தத்தில்தான் கால் எடுத்தது. எனக்கு அதற்கு மேல் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

4

அப்போதுதான் பூமணி வந்தாள். என்னுடைய தங்கச்சி, இரண்டு வயது இளையவள். சுபா பெரியபிள்ளையாகிச் சடங்கு வைத்தபோது மகன் எப்படியோ அலைந்து விசா எடுத்துக் கூப்பிட்டான். சண்டைக்குள்ளால் கிளாலிக் கடலில் வள்ளம் ஏறி, வவுனியாவில் ஆமியிடம் மறிபட்டு, கொழும்பில் கிடந்து வந்து சேர்ந்தாள்.

விமான நிலையத்தில் அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. எலும்பில் சேலை சுற்றியதுபோல ஒருத்தி வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் என்னைக் கண்டு நின்று, மேலும் கீழும் பார்த்தாள்.

“அக்கா, உன்னைப் பங்கருக்கு மேலை விரிச்சுவிட்டால் ஷெல்லும் உள்ளுக்கு வராது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அவள் என்னை நோகடிக்கச் சொல்லவில்லை. அவள் அப்படித்தான். சங்கக்கடையில் கிளாக்காக இருந்து ஊர் முழுக்கக் கதைத்துப் பழகிய வாய். எங்கள் இரண்டு பேரில் அவள்தான் படித்தவள். மாமா வீட்டில் நின்று மானிப்பாயில் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போனவள், இங்கிலிசும் தெரியும். இரவில் சாப்பிட்டுவிட்டு இருந்து ஊர்ப் புதினம் சொல்லுவாள். மண்ணெண்ணெய் இல்லாததால் தண்ணீர் இறைக்கிற மிசின் எல்லாம் கறல் பிடித்து நிற்கிறதாம், திரும்பவும் கிணற்றில் துலா மிதிக்கிறார்களாம். அறுபது வயதில் தான் சைக்கிள் பழகி, சுன்னாகத்திலிருந்து சாவகச்சேரி வரைக்கும் சாமான் கட்டிக்கொண்டு போய் வருகிறாளாம். “இப்ப ஊரிலை ஒருத்தருக்கும் வண்டி வைச்ச வயிறு இல்லை. சலரோகக்காரருக்குச் சீனியும் இல்லை, மருந்தும் இல்லை. ரெண்டிலை ஒண்டு இருந்தால்தானே ஆருக்கு வருத்தமெண்டு தெரியவரும்” என்றாள். மகன் சிரித்தான். நான் எழுந்து கோப்பைகளைக் கழுவப் போனேன்.

திங்கட்கிழமை விடிந்தது. நான் சப்பாத்தைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுத் தேத்தண்ணீர் போட்டேன். எப்படிப் போவது? அங்கே ஒரு அரசாங்கம் சாமானை மறித்து உங்களை வற்ற வைத்திருக்கிறது. இங்கே ஒரு அரசாங்கம் தாள் அடித்து, நேர்ஸுக்குச் சம்பளம் கொடுத்து, தின்றதைக் கரைக்க வா என்று என்னைக் கெஞ்சுகிறது. அந்தச் சைக்கிள் மிதித்த கால்களுக்கு முன்னால் உட்கார்ந்து, நான் கொழுப்புக் குறைக்க வெளிக்கிடுகிறேன் என்று எப்படிச் சொல்வது? நேர்ஸ் ரெலிபோன் எடுத்தாள். “அம்மா நோ ஹோம்” என்று நானே சொல்லி வைத்துவிட்டேன்.

அதோடு, நான் சாப்பிட்டால்தான் அவளும் சாப்பிட்டாள். கோப்பையைப் போட்டுக்கொடுத்தால், நீயும் இரு அக்கா என்பாள். அவளுடைய தோள் எலும்புக்கு மேல் கொஞ்சம் சதை வைத்து அனுப்பவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. இறைச்சிக்கறி, கத்தரிக்காய்ப் பொரியல், பாயாசம், வடை. அவள் ஒரு பிடி தின்ன நான் இரண்டு பிடி தின்றேன்.

ஒருநாள் கோப்பிக் கடையில் இருந்தபோது, மேசையில் கிடந்த சின்னச் சீனிப் பைக்கற்றுகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். பக்கத்து மேசையில் வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். எனக்கு மேலெல்லாம் கூசியது. அவளுடைய காலை மிதித்து, வேண்டாம் என்று கண் காட்டினேன். “சும்மா தாறதைத்தானே எடுக்கிறன்” என்றாள். வீட்டுக்கு வந்து கட்டிலில் கிடந்து நினைத்துப் பார்த்தேன். நான் கூசியது எதற்கு? அவளுக்காகவா, எனக்காகவா? அவள் கூடப்பிறந்தவள். பக்கத்து மேசைக்காரர் ஆரென்றே எனக்குத் தெரியாது.

5

இரண்டு மாதம் ஆக முன்னர் எனக்குக் கால் விரல் விறைத்தது. ஒருநாள் குசினியில் தலை சுற்றி இருந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்தார்கள். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை, சுபா பள்ளிக்கூடம் என்றாள். பூமணி சேலையை உடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“என்னட்டை இங்கிலிசு சும்மாதானே கிடக்குது. நான் வாறன்.”

வேறு வழியில்லாமல் அவளோடு வெளிக்கிட்டேன்.

டொக்டரைப் பார்க்க முன்னர் ஒரு சின்ன அறைக்குள் கூட்டிப்போனார்கள். உள்ளே இருந்தது அந்த நடைக்கார நேர்ஸ்தான். என்னைக் கண்டதும் எழும்பி வந்து கட்டிப்பிடித்தாள். நிறை காட்டுகிற தராசில் ஏற்றினாள். முள் போன இடத்தைப் பார்த்து அவள் முகம் வாடியது. விரலில் குத்தி இரத்தம் பார்த்தாள், இன்னும் வாடியது. பிறகு பூமணியிடம் நிறையக் கதைத்தாள். பூமணி தலையைச் சரித்துக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“திங்கட்கிழமையிலை ஒரு இடத்துக்குப் போறனீயாம். இப்ப ரெண்டு மாசமாய் வாறேல்லையாம். ஏனெண்டு கேக்கிறா.”

கால் நோகுது என்று சொல்லச் சொன்னேன். சொன்னாள். நேர்ஸ் உடனே கீழே குந்தி என் காலைத் தூக்கி மடியில் வைத்து, எந்த இடம் என்று அமத்தி அமத்திப் பார்த்தாள். ஒரு நோவும் இல்லாத காலை ஒரு பிள்ளை அப்படிப் பார்க்கிறபோது என்னுடைய பொய் எனக்கே கூசியது.

“அக்கா, அது என்ன இடம்?” என்று பூமணி கேட்டாள்.

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். “கொழுப்புக் குறைக்க நடக்கிற இடம். போகாட்டி ஊசி போடவேணும். நீ வந்தாப் பிறகு நான் எப்பிடிப் போறது பூமணி? நீங்கள் அங்கை தின்ன வழியில்லாமல் கிடக்க, நான் திண்டதைக் கரைக்கப் போறன் எண்டு உனக்குச் சொல்ல எனக்கு வெக்கமாக் கிடந்தது. உதைச் சொல்லு அவவுக்கு.”

பூமணி என் காலையும் அதைப் பிடித்துக்கொண்டிருந்த நேர்ஸின் கையையும் பார்த்தாள். பிறகு இங்கிலிசில் கட்டையாக ஏதோ சொன்னாள். நேர்ஸின் முகம் தெளிந்தது. பூமணிக்குப் பதில் சொல்லிக்கொண்டே எழும்பிப் போய் ஏதோ எழுதினாள்.

என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

“வீட்டிலை விருந்தாள் நிண்டது, அதாலை வரேல்லை எண்டன். வாற திங்கள் தொடக்கம் விருந்தாளும் கூட வருவா எண்டும் சொல்லியிருக்கிறன். ஒழுங்கா வந்தால் ஊசிக்கு இன்னும் ஒரு மாசம் தவணை தருவினமாம்.” அதைச் சொல்லிவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படியாகச் சேர்த்துச் சொன்னாள்: “விசரி. அம்மான்ரை கால் போனதை நீதானே கிட்ட நிண்டு பாத்தனீ.”

நான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தேன். அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நேர்ஸ் இப்போது பூமணியின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளையும் தராசில் ஏறும்படி கை காட்டினாள். பூமணி கோயிலுக்குள் போகிறவள் மாதிரிச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினாள். முள் கொஞ்சத் தூரம் போய் நின்றது. நேர்ஸ் ஏதோ கேட்டாள். இந்தத் தரம் பூமணி நீட்டாகப் பதில் சொன்னாள். சொல்லச் சொல்ல நேர்ஸின் கண் விரிந்தது, கடைசியில் கைதட்டாத குறை.

“என்ன கேட்டவ?”

“ஏன் இப்பிடி மெலிவு, ஏதும் வருத்தமோ எண்டு.”

“நீ என்ன சொன்னனீ?”

“உள்ளதைத்தான் சொன்னன். எங்கடை ஊரிலை கார் ஓடுறேல்லை, எல்லாரும் நடை, இல்லாட்டிச் சைக்கிள். மா, சீனி, ரின் சாமான் ஒண்டையும் அரசாங்கம் கணக்க உள்ளுக்கு விடுறேல்லை. அதாலை ஒருத்தருக்கும் கொழுப்பு இல்லை எண்டன்.”

“அதுக்கு?”

பூமணியின் முகத்தில் சிரிப்பா வேறேதுமா என்று எனக்குப் பிடிபடவில்லை. “அருமையான அரசாங்கமாம். இஞ்சையும் உப்பிடி ஒண்டு இருந்தால் தங்கடை வேலை லேசாம்.”

அவளுக்கு விளங்கப்படுத்து என்றேன். ஷெல்லைச் சொல்லு, கிளாலியைச் சொல்லு, மருந்து இல்லாமல் செத்ததுகளைச் சொல்லு என்றேன்.

“எங்கை தொடங்கிறது அக்கா? வெளியிலை ஆக்கள் இருக்கினம்.”

நேர்ஸ் பேனையைப் பிடித்தபடி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ நல்ல சங்கதி கதைக்கிறோம் என்று நினைத்தாள் போல. நல்ல பிள்ளை, என் காலை மடியில் வைத்தவள். அவள் குனிந்து, எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காக மெதுவாக, பெருவிரலை உயர்த்திக் காட்டி, “குட்?” என்று கேட்டாள்.

பூமணி என்னைப் பார்த்தாள்.

“குட்” என்றேன்.